வாபஸ் வாங்காத கேள்வி

பினாங்கின் முதல் மன்றம் எது என்று கேட்டால், சுதந்திரத்தை ஒட்டி வந்த சட்டமன்றத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். என் கணவர் உட்கார்ந்த மன்றம் அதற்கு முந்தியது. ஜப்பான்காரன் கூட்டியது. அதைப் பற்றிப் பேச இன்றைக்கு ஒருவருக்கும் வாய் வராது. எதிரி கூட்டிய தலையாட்டிகளின் மன்றம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் அது தலையாட்டிகளின் மன்றமாகத்தான் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் அப்படி இருக்கவில்லை. அன்றைக்கு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

நாங்கள் சிலோன்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி என்கிற குமாஸ்தா வேலைக்கென்று கப்பல் ஏறி வந்தவர்களின் கூட்டம். என் கணவர் துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிராணி. டத்தோ கிராமாட் பகுதியில் வாடகை வீடு. எங்கள் ஆட்களைப் பற்றி மற்றவர்கள் செய்யும் கேலியில் பொய் இல்லை: இரண்டு பேர் சேர்ந்தால் சங்கம், மூன்றாவது ஆள் வந்தால் தேர்தல். கோயில் திருவிழாவில் மோருக்கு இஞ்சி போடுவதா வேண்டாமா என்பதைக்கூட ஒருவர் பிரேரித்து இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். என் கணவர் எங்கள் சங்கத்துக்குப் பல வருடம் செயலாளர். கூட்ட விதிகள் அவருக்குத் தேவாரம் போல மனப்பாடம். வீட்டில் நான் ஏதாவது குறை சொன்னால், "உது இண்டைய நிகழ்ச்சி நிரலிலை இல்லை" என்பார். கல்யாணமான புதிதில் சிரித்தேன். பிறகு அகப்பையைத் தூக்கிக் காட்டப் பழகிக்கொண்டேன்.

ஜப்பான்காரன் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிற சமயம். இடுப்பில் வாள் தொங்க ஓர் அதிகாரி காரில் வந்து எங்கள் வாசலில் இறங்கினான். கூடவே மொழிபெயர்ப்பாளர். அவரை எங்களுக்கு முன்பே தெரியும். அவரும் ஜப்பான்காரர்தான், போருக்கு முன்னால் எங்கள் ஊரில் பல் வைத்தியர். ரொம்ப மரியாதையான மனிதர், ஒவ்வொரு பல்லுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிடுங்குவார். ஜப்பான் படை வந்த மறுநாள் அவர் சீருடையில் நின்றதைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது.

அவர்கள் கொண்டுவந்த செய்தி இதுதான். வெள்ளைக்காரன் உங்களை அடிமையாக வைத்திருந்தான், இனி இந்த மண்ணின் மக்கள் தங்களைத் தாங்களே ஆளப் பழக வேண்டும், அதற்காக ஒரு மன்றம் அமைக்கிறோம், மலாய்க்காரர், சீனர், இந்தியர், சட்டைக்காரர் என்கிற யூரேசியர் எல்லோரிலிருந்தும் உறுப்பினர்கள், அதில் நீங்கள் ஒருவர். விருப்பமா என்று கேட்கவில்லை. வாழ்த்துச் சொன்னார்கள். என் கணவர் குனிந்து நன்றி சொன்னார்.

கார் போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனப்பா தலையாட்டினனீங்கள்? உடம்பு வருத்தம் எண்டு சொல்லியிருக்கலாமே."

"வாளோடை வந்தவனுக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லுறது? தடிமன் காய்ச்சல் எண்டோ?" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "எண்டாலும் மன்றம் எண்டால் மன்றம்தானே. நிகழ்ச்சி நிரல் எண்டு ஒண்டு இருக்கும்" என்றார்.

அந்தக் குரலில் இருந்தது பயம் மட்டுமல்ல. கொஞ்சம் ஆசையும் இருந்தது. அது எனக்குக் கேட்டது, எரிச்சலாகவும் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எத்தனை மூளை இருந்தாலும் எங்கள் ஆட்கள் கிராணிதான். மன்றத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னவன் ஒருவனும் இல்லை. முதல் தடவையாக நாற்காலி வந்தது, அதுவும் கொள்ளைக்காரன் கையிலிருந்து வந்தது. பூச்சி அரித்த கோட்டை எடுத்து வெயிலில் போட்டேன். உள்ளுக்குள் பொருமிக்கொண்டேதான் போட்டேன்.

மன்றம் கூடியது கடலோரத் திடலை ஒட்டிய பெரிய வெள்ளைக் கட்டடத்தில். முதல் கூட்டம் முடிந்து அவர் திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிந்தார்களாம். ஜப்பான் கவர்னர் எழுதி வைத்திருந்ததை வாசித்தாராம். பல் வைத்தியர் அதை மலாய் மொழியில் சொன்னாராம். எல்லோரும் எழுந்து நின்றால் சம்மதம் என்று அர்த்தமாம். எழுந்து நின்றார்களாம். அவ்வளவுதான். யாரும் பிரேரிக்கவில்லை, யாரும் ஆமோதிக்கவில்லை. சீனர்களின் பிரதிநிதியாக வந்த வயதான தவுக்கே, மளிகைக் கடைக்காரர், கூட்டம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாராம். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தபோதுதான் எழுந்தாராம்.

"கூட்ட விதி எண்டு ஒண்டுமே எழுதேல்லை" என்றார் என் கணவர். பிறகு விரலால் மேசையைத் தட்டினார். "எழுதாட்டில் பொது வழக்கம்தான் விதி. அது உலகம் முழுக்க ஒண்டுதான்."

எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. துப்பாக்கி வைத்திருப்பவன் விதி எழுத மறந்துவிட்டான் என்றால், அவனுக்கு விதி தேவையில்லை என்றுதான் ஊரில் மற்ற எல்லோருக்கும் புரியும். என் கணவருக்கு மட்டும், பழைய விதியே செல்லும் என்று புரிந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. வேதக்காரர்கள். அவன் முனிசிபாலிட்டியில் ரோட்டு வேலை பார்த்தான். அவளுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. என்னை அக்கா என்பாள், என் கணவரைக் கிராணியார் என்பாள். மன்றம் வருவதற்குச் சில மாதம் முன்னால், ரோட்டு வேலைக்காரர்களுக்கு அரிசி தருகிறோம் என்று திடலுக்குக் கூப்பிட்டார்கள். அரிசி என்ற சொல்லுக்கு அப்போது எந்த மனிதனும் ஓடுவான். அவனும் சாக்குப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். திடலைச் சுற்றி லாரிகள் நின்றன. அங்கிருந்து படகில் அக்கரை ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து சயாம். காட்டுக்குள் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். மூன்று மாதமும் போனது, அதற்கு மேலும் போனது. ஒரு தகவலும் இல்லை.

அவள் மரவள்ளிக் கிழங்கைத் துருவி அப்பம் சுட்டுப் பசாரில் விற்றுப் பிழைத்தாள். என் கணவர் மன்றத்துக்குப் போகிறார் என்று தெரிந்ததும் பின்வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கிராணியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பெரிய ஆளுங்க உக்கார்ற எடம்லா அது. எம் புருசன் எப்ப வருவாருன்னு மட்டும் கேட்டாப் போதும். சண்டை ஒண்ணும் வேணாம். சும்மா கேக்கச் சொல்லுங்க."

அந்தக் காலத்தில் சும்மா கேட்டவர்கள் காணாமல் போயிருந்தார்கள். பார்க்கலாம் என்று மழுப்பி அனுப்பினேன். அவரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் கேட்டுவிடுவார் என்ற பயம்தான்.

பிறகு ஒரு நாள் அவள் ஆள் பிடிக்கும் அலுவலகத்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்தாள். அங்கே இருந்த அதிகாரி, உன் புருசன் சம்பளத்துக்கு ஆசைப்பட்டுத் தானாகவே போனவன், அங்கே சயாம்காரி யாரையாவது வைத்துக்கொண்டு சுகமாக இருப்பான், நீயும் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிச் சிரித்தானாம். அதை அவள் அழாமல் என்னிடம் சொன்னாள். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். அழாததால் எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அரிசிக்கென்று சாக்குப்பையோடு போன மனிதன் தானாகப் போனவனாம்.

அன்று சாயங்காலம் என் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். "கேளுங்கோ. கேக்க ஏலாட்டில் அந்தக் கோட்டை என்னட்டைத் தாங்கோ, கரித்துணிக்காவது உதவும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். "தனிய நிண்டு கேக்கிறதிலை பிரயோசனம் இல்லை. பிரேரணையாக் குடுக்கவேணும். ஆமோதிக்க ஓர் ஆள் வேணும். ஆமோதிக்காட்டில் விழுந்துபோம்" என்றார்.

உயிர் போகிற விஷயத்தில் இவருக்கு ஆமோதிப்பு வேண்டியிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் நடந்ததை அவர் எனக்குச் சொன்னது பிற்பாடுதான், அதுவும் துண்டு துண்டாக. சயாமுக்கு இன்னொரு தொகுதி ஆட்களை அனுப்பப்போகிறோம், மன்றம் இதை வாழ்த்த வேண்டும் என்று கவர்னர் வாசித்தார். எல்லோரும் எழத் தயாரானார்கள். என் கணவர் முந்திக்கொண்டு எழுந்து, மலாயில், முதலில் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பதை இந்த மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று பிரேரிக்கிறேன் என்றார். பல் வைத்தியர் அதை மொழிபெயர்க்காமல் வாயை மூடிக்கொண்டார். உட்காருங்கள், தயவுசெய்து உட்காருங்கள் என்று கெஞ்சினாராம். என் கணவர் உட்காரவில்லை. ஆமோதிக்க யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

அப்போது மலாய்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்த உறுப்பினர் எழுந்தார். மெலிந்த மனிதர், வெற்றிலை போடுவார், என் கணவரோடு அதிகம் பேசிப் பழகியவர்கூட இல்லை. அவருடைய கம்பத்திலிருந்தும், அதாவது மலாய்க் கிராமத்திலிருந்தும், ஆட்கள் போயிருந்தார்கள். "சாயா சோக்கோங்" என்றார். நான் ஆமோதிக்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பல் வைத்தியர் வேறு வழியில்லாமல் மொழிபெயர்க்க, கவர்னர் கூட்டத்தை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே ராணுவப் போலீஸ் இருவரையும் கொண்டுபோனது. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு போய் வாசலில் நிற்பேன், சாயங்காலம் அதே பாத்திரத்தோடு திரும்பி வருவேன். உள்ளே வாங்கமாட்டார்கள். எங்கள் சங்கத்து ஆட்கள் எதிர்ப்பட்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள். பின்வீட்டுக்காரி மட்டும் தினமும் என்னோடு வந்து நின்றாள்.

அவர் திரும்பி வந்தபோது முன்வரிசையில் பற்கள் இல்லை. ஒரு காதும் சரியாகக் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டேன். கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தேன். கொஞ்சம் தெம்பு வந்ததும் சொன்னார்.

"வாபஸ் வாங்கச் சொல்லியிருக்கினம். ஊர்ச்சனத்தைக் கூப்பிட்டு வைச்சு, எல்லாருக்கும் முன்னாலை. போனவை எல்லாரும் தாங்களா விரும்பிப் போனவை, சுகமா இருக்கினம், நான் தெரியாமல் கேட்டிட்டன் எண்டு வாசிக்கவேணுமாம்."

"வாங்கப்போறியளோ?"

"விதிப்படி செய்வன்" என்றார்.

எனக்கு அது சரணாகதியாகத்தான் கேட்டது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அடி வாங்கியது அவர் உடம்பு. ஆனால் அந்த வார்த்தையை அவர் வாயால் வாசித்துவிட்டால், பின்வீட்டுக்காரன் தானாகப் போனவன்தான். அடுத்த தொகுதியும் தானாகப் போகிறவர்கள்தான். எங்கள் ஊர் மன்றமே சொன்னதாகிவிடும். நாளைக்கு ஒரு பெண்டாட்டியும் வாய் திறந்து என் புருசன் எங்கே என்று கேட்க முடியாது. உங்கள் மன்றத்தையே கேள் என்பார்கள்.

அவள் பின்வாசலுக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவளே பேசினாள்.

"அக்கா, கிராணியாரு வாபஸ் வாங்கட்டும். அவராச்சும் உசுரோட இருக்கணும்லா. எம் புருசன நான் வேற எங்கியாச்சும் கேட்டுக்கிறேன்."

வேறு எங்கே கேட்பாள்? கேட்க வேறு இடம் இருந்தால் எங்கள் பின்வாசலுக்கு ஏன் வந்திருப்பாள்? அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை.

கூட்ட நாளன்று ஊர்ச்சனத்தை லாரி வைத்து அழைத்தார்கள். எங்கள் சங்கத்து ஆட்கள் கோட்டும் சரிகைத் துண்டுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல. எனக்குக் குடும்பத்தார் வரிசையில் இடம் போட்டிருந்தது. நான் பின்வீட்டுக்காரியையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். யார் இது என்று காவல்காரன் கேட்டான். என் தங்கை என்றேன். அவள் கழுத்தில் சிலுவை, என் நெற்றியில் விபூதி. அவன் அதைப் பார்த்தும் விட்டுவிட்டான்.

எல்லோரும் கிழக்கே பார்த்துக் குனிந்தோம். கவர்னர் உட்கார்ந்தார். உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். மலாய் ஆசிரியரும் வந்திருந்தார். அவருடைய வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. தவுக்கே வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

என் கணவரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். பல் இல்லாத வாயோடு, ஆனால் எங்கள் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் பேசுகிற அதே குரலில் மலாயில் பேசினார்.

"என் பிரேரணையை வாபஸ் வாங்கும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வாங்கத் தயார். ஆனால் ஆமோதிக்கப்பட்ட பிரேரணை அதைக் கொண்டுவந்தவருக்குச் சொந்தம் இல்லை. அது மன்றத்துக்குச் சொந்தம். மன்றம் அனுமதி தந்தால்தான் நான் வாபஸ் வாங்க முடியும். ஆகவே உறுப்பினர்களின் அனுமதியைக் கேட்கிறேன். ஒருவர் மறுத்தாலும் அனுமதி இல்லை. அதுதான் வழக்கம்."

எனக்கு அந்த விதி தெரியும். அந்த விதியால் எங்கள் சங்கத்தில் இரண்டு குடும்பம் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தது. பூப்பந்து வலை வாங்கும் பிரேரணையை ஒருவர் வாபஸ் வாங்கப் போக, இன்னொருவர் வேண்டுமென்றே முடியாது என்று சொல்லிவிட்டார். இவர் விதிப்படி செய்வேன் என்று சொன்னது இதைத்தானா என்று அப்போதுதான் விளங்கியது.

பல் வைத்தியர் மொழிபெயர்த்தார். கவர்னர் ஒரு கணம் யோசித்துத் தலையசைத்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. ஒருவர் வாபஸ் வாங்குவதைவிட மன்றம் முழுக்க ஒவ்வொருவராக எழுந்து சம்மதம் சொல்வது பார்க்க இன்னும் அழகாக இருக்கும் அல்லவா? மறுக்க ஓர் ஆள் இருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். முதலாமவர் எழுந்து சம்மதம் என்றார். அடுத்தவரும் சம்மதம். சட்டைக்காரர் சம்மதம் என்றது பாதிதான் கேட்டது. மலாய் ஆசிரியரிடம் வந்தார்கள். அவர் எழுந்தார். துணி சுற்றிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சம்மதம் என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த விரல்களைப் பார்த்த ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அப்போது எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. பக்கத்தில் பின்வீட்டுக்காரி என் கையை விட்டுவிட்டாள்.

மிச்சம் இருந்தது தவுக்கே மட்டும். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். தவுக்கே கண்ணைத் திறந்தார், எழுந்திருக்கவில்லை.

"தா போலே" என்றார். முடியாது.

அவர் தூக்கக் கலக்கத்தில் உளறுகிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். பல் வைத்தியர் அவசரமாகக் கிட்டே போய்க் குனிந்து, அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து, விவரமாக விளக்கினார். தவுக்கே பொறுமையாகக் கேட்டார். "தா போலே" என்றார் மறுபடியும், இந்தத் தடவை கடைசி வரிசைக்கும் கேட்கிறாப்போல.

கவர்னர் என் கணவரைப் பார்த்து ஏதோ கத்தினார். மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

என் கணவர் மரியாதையாகக் குனிந்தார். "மன்றம் அனுமதி தரவில்லை. வாபஸ் வாங்க எனக்கு அதிகாரம் இல்லை. பிரேரணை நிற்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாசிக்கச் சொல்லிக் கொடுத்த வாசகம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு வரி வாசிக்கவில்லை.

நான் அழுதேன். பயத்தில் இல்லை, பெருமையில். இத்தனை வருடம் நான் கேலி செய்த அந்த மனப்பாட விதியை வைத்து, பல் இல்லாத ஒரு கிராணி வாள் கட்டியவனை அவன் சபையிலேயே மூக்கு உடைபட வைத்துவிட்டார். அதுவரை அது மன்றம் இல்லை. தவுக்கே வாய் திறந்த அந்த நேரத்தில் மன்றம் ஆனது. வேறு யார் என்ன சொன்னாலும் எனக்கு அதுதான் எங்கள் ஊரின் முதல் சட்டமன்றம்.

ஜப்பான்காரன் அதோடு ஆள் பிடிப்பதை நிறுத்திவிட்டான் என்று சொன்னால் பொய். லாரிகள் வந்தன, ஆட்களைப் பிடித்துக்கொண்டு போயின. ஆனால் மன்றத்தின் வாழ்த்தோடு என்று சொல்ல முடியவில்லை. மன்றமும் பிறகு கூடவில்லை. என் கணவருக்கு மறுபடியும் உள்ளே போகிற பாக்கியம் கிடைத்தது, வெளியே வந்தபோது வேலை போயிருந்தது. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டோம். நிலத்தைக் கொத்தும்போதும், எங்கே நடுவது என்பதில் பிரேரணை வேண்டும் என்பார். நான் ஆமோதித்தேன்.

தவுக்கேயின் கடையைச் சீல் வைத்தார்கள். அவரைக் கொண்டுபோய்ப் பாதி ஆளாகத் திருப்பி அனுப்பினார்கள். பின்வீட்டுக்காரி சுட்ட கிழங்கப்பத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். அவருடைய மூத்த மகனை ஜப்பான் படை வந்த ஆரம்பத்திலேயே மற்றச் சீன இளைஞர்களோடு வரிசையில் நிறுத்திக் கொண்டுபோனதும், அவன் திரும்பாததும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் தவுக்கே என்று கேட்டேன். அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு மலாயில் சொன்னார்: "கடைக்காரன் வாயில் எப்போதும் முடியும், முடியும் என்றுதான் வரும். என் மகனைக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். இந்தத் தடவை முடியாது என்று சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது." பிறகு அப்பத்துக்கு உப்புப் போதவில்லை என்றார்.

போர் முடிந்தது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் ரயிலில் வந்தார்கள். பின்வீட்டுக்காரி ஒவ்வொரு ரயிலுக்கும் போய் நின்றாள். அவன் வரவில்லை. அவனோடு லாரியில் ஏறிய ஒருவன் மட்டும் வந்தான். காய்ச்சலில் செத்தான், நாங்கள்தான் ஆற்றங்கரையில் புதைத்தோம் என்றான். அவள் மாதா கோயிலில் பூசைக்குச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து, சயாமில் செத்தவர்களின் குடும்பத்துக்கு நட்டஈடு பற்றி விசாரிக்க ஓர் அலுவலகம் திறந்திருந்தான். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் கன்னிமார் மடத்துப் பள்ளியில் படித்தவள், மொழிபெயர்க்கப் போனேன். மேசைக்குப் பின்னால் இளம் துரை ஒருவர். வயது கேட்டார், பிள்ளைகள் உண்டா என்று கேட்டார், எழுதினார். பிறகு தலை நிமிராமலே, "தானாக விரும்பிப் போனவர்தானே? சம்பளம் பேசிப் போனதாகத்தான் எங்களுக்குத் தகவல்" என்றார்.

நான் அதை அவளுக்குச் சொன்னேன். ஜப்பான்காரன் போனான், அவன் சொல் போகவில்லை. அவள் துரையை நேராகப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"தானாப் போனாருன்னு எவன் சொன்னான்? அப்படிச் சொல்லச் சொல்லி ஊரைக் கூட்டி, வாள வச்சிக்கிட்டுக் கேட்டாங்க. எங்க மன்றத்துல சொல்லல. நான் அங்கதான் இருந்தேன். அடி வாங்கினவங்களே சொல்லல, நீ எப்படி எழுதுவ?"

ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த 'நீ'யைக்கூட மரியாதையாக மாற்றவில்லை, ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லை என்பது துரையின் அதிர்ஷ்டம். அவர் அந்த மன்றம் சட்டப்படி செல்லாது, எதிரி கூட்டியது என்று ஆரம்பித்தார். அது எங்களுக்குத் தெரியும், நீங்கள் ஓடிப்போனபோது இருந்தது அது ஒன்றுதான் என்றேன். வெளியே வரிசையில் பெண்கள் காத்திருந்தார்கள். துரை கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் என்று அவர் எழுதி, அதை எனக்கு வாசித்துக் காட்டும்வரை நாங்கள் இருவரும் அந்த நாற்காலிகளை விட்டு எழவில்லை.